சாய்ந்து நின்ற ஊசல்

மாட்டுங்கா காலேஜில் ஊசல் பரிசோதனை என்றாலே நஜ்முன்னிசாவுக்குப் பயம். நூலில் தொங்கும் பித்தளைக் குண்டை லேசாகத் தள்ளிவிடுவாள். அது நேராக ஆடாமல் வட்டமடிக்கும். பேராசிரியர் கணபதிராமன் பாதியிலேயே அதைப் பிடித்து நிறுத்தி, "தள்ளாதேம்மா, சும்மா விட்டுடு" என்பார். எண்பத்து மூன்றாம் வருஷத்து மழையில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து அவர் இறந்துபோனார்.

அந்த வருஷப் பிராக்டிகல் பரீட்சைக்குப் பரீட்சகராக வேறொருவர் வந்தார். "இதுலயும் பெயிலானா நிக்காஹ்தான்" என்று தாராவி வீட்டில் வாப்பா சொல்லியிருந்தார். பயத்தில் அவள் மறுபடியும் தள்ளிவிட்டாள். குண்டு வட்டமடித்தது. பரீட்சகர் அடுத்த மேஜை வரை வந்துவிட்டார்.

குண்டு பாதியில் நின்றது. நூல் சாய்ந்தபடியே விறைத்திருந்தது.

"சும்மா விடுறேன் சார்" என்று முணுமுணுத்தபடி நஜ்முன்னிசா அதைப் பிடித்தாள். குண்டு வரவில்லை. கொஞ்சம் இழுத்த பிறகுதான் அவள் கைக்கு வந்தது.