எடுக்கக் கூடாத மோதிரம்

"கண்ணால பார்த்திருக்கீங்க, கைக்கெட்டுற தூரத்துல கிடந்திருக்கு, அப்புறமும் எடுக்காம..."

"எடுக்கக் கூடாதுன்னுதானே சொல்றேன். கடலுக்கடியில விதின்னு ஒண்ணு..."

"...வெறுங்கையை வீசிக்கிட்டு மேல வந்து எனக்குக் கதை சொல்றீங்க."

படகுத்துறைக் கொட்டகையில் இரண்டு குரல்களும் முட்டிக்கொண்டன. கடலிலிருந்து எடுத்த பழைய பானை ஓடுகள் உப்புப் போக நல்ல தண்ணீர்த் தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்தன. கணவர் ரப்பர் உடையை இடுப்புவரை இறக்கிவிட்டு, பாதி உரித்த வாழைப்பழம் மாதிரி நின்றார்.

வாரநாட்களில் அவர் பதிவு அலுவலக எழுத்தர். விடுமுறை நாட்களில், மூழ்கிக் கிடக்கும் ஒரு பழங்காலக் கப்பலை ஆராயும் குழுவுக்குச் சம்பளமில்லாமல் முக்குளிப்பவர்.

இரண்டு மாதத்துக்கு முன்பு குழுவினரின் குடும்பத்தாரைப் படகில் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டினார்கள். மனைவி தண்ணீரில் கையை விட்டு அளைந்தபோதுதான் அவளுடைய கல்யாண மோதிரம் நழுவி விழுந்தது. இருபத்திரண்டு வருஷ மோதிரம். "என்னோட நாலு மாசச் சம்பளம் தங்கமா உன் விரல்ல இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே எல்லாச் சண்டையிலும் அவர் ஜெயித்திருக்கிறார். அதை இழந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று கண்ணில் பட்டுவிட்டதாம். தொடவில்லையாம்.

"கிடந்த இடத்துலயே படம் எடுக்கணும், அளக்கணும், எண் அட்டை வைக்கணும். அதுதான் விஞ்ஞானம்."

"வீட்டுலயும் அதே விஞ்ஞானம்தானே. ஈரத்துண்டு கட்டில்ல விழுந்தா விழுந்த இடத்துலயே கிடக்குது. பக்கத்துல எண் அட்டை வைக்காததுதான் பாக்கி."

"உனக்கு எங்க புரியப்போகுது."

"ஏன் புரியாது? ரெண்டு மாசமா சோத்துத் தட்டுக்கு முன்னால பாடம் நடத்தினீங்களே. கடல்ல இரும்பு உப்பிடும், வெள்ளி கறுக்கும், செம்பும் பித்தளையும் பச்சை பூக்கும், தங்கம் மட்டும் ஆயிரம் வருஷமானாலும் அப்படியே மின்னும்னு."

"அதான் சொல்றேன். பத்திரமா அங்கேயே இருக்கட்டும். உனக்கு வேற வாங்கித் தர்றேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கைக்குட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷன்.

தலையைத் துவட்டிக்கொண்டே குழுத் தலைவி உள்ளே வந்தார். "என்ன சார், கரையிலயும் அலை அடிக்குது?"

"உங்க விதியாலதான் மேடம். என் மோதிரத்தைப் பார்த்துட்டும் எடுக்காம வந்திருக்கார்."

"மோதிரமா? அந்த விதி பழம்பொருளுக்குத்தாம்மா. நேத்து விழுந்த செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் வாளி வாளியா அள்ளிட்டுத்தானே வர்றோம். அந்த வாளிக்குப் பொறுப்பே சார்தான்."

அவர் தொட்டியிலிருந்த ஓடுகளை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்.

"கவலைப்படாதீங்கம்மா, நானே இறங்கி எடுத்துட்டு வர்றேன். சார் குறிப்புல எல்லாம் இருக்கும். எந்தக் கட்டத்தையும் காலியா விட மாட்டார், பொய்யாவும் நிரப்ப மாட்டார். இந்தக் குழுவுலயே சுத்தமான குறிப்பு அவரோடதுதான்."

"எதுக்கு மேடம் உங்களுக்குச் சிரமம்..." என்று அவர் ஆணியில் தொங்கிய, கடலுக்கடியில் குறிப்பெழுதும் பிளாஸ்டிக் பலகையை நோக்கி எட்டு வைத்தார். கையில் எங்கிருந்தோ ஒரு ஈரத்துணி முளைத்திருந்தது.

ஆனால் பலகை அவள் பக்கம் இருந்தது. எடுத்துவிட்டாள். முத்து முத்தான எழுத்து. அலுவலகத்தில் எல்லோரும் மெச்சும் எழுத்து.

பொருள்: மோதிரம். கடலடிக் கட்டம்: ஏழு. விட்டம்: பதினெட்டு மில்லிமீட்டர். உடைசல்: இல்லை.

கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். நிறம்: பச்சை.

"ஏங்க," என்றாள், குரலை உயர்த்தாமல். "ரெண்டே மாசத்துல பச்சை பூக்குற தங்கத்தை, அந்த நாலு மாசச் சம்பளத்துக்கு எந்தக் கடையில வாங்கினீங்க?"