நாலாவது வேஷம்

லஞ்சம் வாங்கும் இன்ஸ்பெக்டர் கதை. சின்ன சினிமாக் கம்பெனி. "ஆள் பத்தலைன்னு என்னையவே மூணு வேசத்துல சுட்டுப்போட்டாங்க, கண்ணு" என்று மனைவி கெசியாவிடம் சொல்லிச் சிரித்தான் துணை நடிகன் சகாயம். படப்பிடிப்பு முடிந்த மறுமாதம் காய்ச்சலில் இறந்துபோனான். அடக்கத்துக்குப் போட்டுவிட்ட வெள்ளைச் சட்டையில், அறுந்திருந்த வெள்ளைப் பொத்தானுக்குப் பதில், பதற்றத்தில் ஒரு நீலப் பொத்தானைத் தைத்துவிட்டாள் கெசியா. அந்த உறுத்தல் அவளை விடவேயில்லை.

ஆறு மாதம் கழித்துக் கிணத்துக்கடவில் படம் வந்தது. மேட்னி போனாள். ரவுடியாகச் செத்தான், கான்ஸ்டபிளாகச் செத்தான், டீக்கடைக்காரனாகச் செத்தான். கடைசியில் இன்ஸ்பெக்டருக்கு விலங்கு மாட்டியபோது, வேடிக்கை பார்த்த கூட்டத்தில் சகாயம் மறுபடியும் நின்றான், அந்த வெள்ளைச் சட்டையில்.

"ஏனுங்க, பொத்தான் மாறிப்போச்சுங்க" என்றாள் கெசியா மெல்ல.

எல்லோரும் இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, நீலப் பொத்தானைத் தடவிக்கொண்டே சிரித்தான்.