பதினாலு எட்டு

பூந்தமல்லி பூந்தமல்லின்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல ஒரு டிவி கடையாம். ஞாயித்துக்கிழமை கடையைத் திறந்ததும் திறக்காததுமா ஒரு ராஜாவும் ராணியும் வந்து நின்னாங்களாம்.

ராஜா பேரு உஸ்மான் கனி. ராணி ஜஹானாரா. ராஜாவோட வெள்ளைச் சட்டையில, வயித்துக்கு நேரா, இஸ்திரிப் பெட்டி பொசுக்கின பழுப்புத் தழும்பு.

"தம்பி, மூன்றரைக்கு மேட்ச். அதுக்குள்ள டிவி எங்க வீட்டுச் சுவத்துல ஏறியாகணும்!" என்றார் உஸ்மான் கனி.

"ஏத்திடலாம் பாய். நானே வந்து மாட்டித் தரேன்" என்றான் கடையில் வேலை பார்க்கும் நிர்மல். "ரூம் எவ்ளோ பெருசு?"

"பத்துக்குப் பத்து."

"அப்போ நாப்பத்திமூணு இஞ்ச் தாராளம். அதுக்கு மேல போனா கண்ணு வலிக்கும்."

ஜஹானாரா அதைக் காதில் வாங்கவில்லை. "ஏங்க, நடங்க!"

உஸ்மான் கனி திரையிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு... வாஷிங் மெஷின்களைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பதினாலாவது எட்டில் ரோட்டில் போய் நின்றார்.

ஒரு ஆட்டோ சடாரென்று பிரேக் போட்டது. "இன்னா பெர்சு, ஊட்ல சொல்லிக்கினு வந்தியா?"

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். ஏதோ பழைய மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்கோர் தெரியல ஜானு!"

அடுத்தது ஐம்பது இஞ்ச். மறுபடி பதினாலு எட்டு. ரன் தெரிந்தது, விக்கெட் தெரியவில்லை.

நிர்மலுக்குச் சிரிப்பு வந்தது. பத்தடி ரூமுக்கு டிவி வாங்க வந்து, ரோட்டில் நின்று பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறான்.

மூலையில் கிடந்த வளைந்த டிவியைக் காட்டினான். "பழைய ஸ்டாக்கும்மா, கடைசி பீஸ். நடுவுல உட்கார்ந்தா தியேட்டர் மாதிரி இருக்கும்."

"நடுவுல நாங்க எங்கப்பா உட்காரப் போறோம்? தட்டையாவே இருக்கட்டும்."

"சவுண்டாவது கேளுங்க, சும்மா அதிரும்..."

"சவுண்டு கெடக்குது. அந்த ஐம்பத்தஞ்சைப் போடுப்பா!"

போட்டான். ரோட்டிலிருந்து உஸ்மான் கனி கத்தினார்: "நூத்தி நாப்பத்திரண்டுக்கு ஆறு! பதினேழாவது ஓவர்! ஜானு, எல்லாம் தெரியுது!"

"இதான், இதான்!" ஜஹானாரா சின்னப் பெண் மாதிரி கை தட்டினாள்.

ஓஹோ, தெருவுக்கே தெரியணும், அதானே என்று நினைத்துக்கொண்டான் நிர்மல். பொசுங்கின சட்டையை மாத்த மனசில்ல, பந்தாவுக்கு மட்டும் ஐம்பத்தஞ்சு!

மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனதும் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தெரு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைக் காட்டினார்கள்.

"அதுல மாட்டினா வெளிச்சம் அடிக்கும் பாய். இருக்கிற ரூமுக்குள்ள உங்களுக்கே சரியாத் தெரியாது."

"நாங்க ஓரமா உட்கார்ந்துக்கறோம். நீ மாட்டு தம்பி."

மாட்டினான். ஜஹானாரா ஜன்னலடியில் இருந்த சோபாவை ஓரத்துக்கு இழுத்தாள். திரைச்சீலையைக் கழற்றினாள். ஜன்னல் கதவு இரண்டையும் விரியத் திறந்தாள். மணி மூன்று இருபத்தெட்டு.

நிர்மல் கருவிப் பையோடு வெளியே வந்தான். எதிரே புங்க மரத்தடியில் இஸ்திரிக்காரர் வேம்புலி, அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி வண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, பாய்க்குப் பந்தா ஜாஸ்தியோ?"

வேம்புலி பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "யாருக்கு, பாய்க்கா? அட போ நைனா. போன மாசம் அவரு ஊட்டு சின்ன டிவில ஸ்கோரு தெரியாம எட்டி எட்டிப் பாத்துக்கினே, அவரு சட்டையவே பொசுக்கிட்டேன். ஒரு வார்த்த திட்டல மனுசன். அதையே போட்டுக்கினு சுத்துறாரு. எனக்குத்தான் பேஜாரா பூட்ச்சி. அன்னிலேர்ந்து அந்தப் பக்கமே திரும்பறதில்ல. கிரிக்கெட்டே வோணாம்னு உட்டுட்டேன்."

நிர்மல் ஜன்னல் வழியே டிவியிலிருந்து வண்டிவரை கண்ணாலேயே எண்ணினான். பதினாலு எட்டு.

வீட்டுக்குள்ளே மைதானம் ஓவென்று இரைந்தது. வேம்புலியின் கை நின்றது. ஆனால் அவர் திரும்பவில்லை.

"வேம்புலி!" ஜன்னலிலிருந்து உஸ்மான் கனியின் குரல். "என் மூக்குக் கண்ணாடியைக் காணோம்ப்பா. கொஞ்சம் திரும்பிப் பார்த்து ஸ்கோர் என்னன்னு சொல்லேன்!"

வேம்புலி தயங்கித் தயங்கித் திரும்பினார்.

"அட! இன்னா பாய், இங்கேர்ந்தே பளிச்சுனு தெரியுது! மொத ஓவர்லயே பத்து ரன்னு!"

நிர்மல் ஜன்னலைப் பார்த்தான். கண்ணாடி உஸ்மான் கனியின் மூக்கில்தான் இருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் நடையைக் கட்டினான்.