ஓர் எழுத்துப் பிழை

"மாமா, அது 'அடைவேன்' இல்லை, 'அடையேன்'."

தேத்தண்ணீர்க் கோப்பையோடு அறை வாசலில் நின்று நிரோஜினி மறுபடியும் சொன்னாள். நதானியேல் கிழவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, வேதாகமத்தில் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்' என்ற அதே வரியை வாசித்தார். மறுபடியும் 'அடைவேன்'தான். அந்த ஓர் எழுத்தால், மேய்ப்பன் இருந்தும் ஆட்டுக்குத் தாழ்ச்சி வரும் என்றாகிவிட்டது. கிழவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும்போது கத்துகிற அதே குரலில் மேலே வாசித்துக்கொண்டு போனார்.

கட்டிலில் அவர் மனைவி நேசம்மா முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். மாரி தொடங்கப் பாரிசவாதம் வந்து விழுந்தவள். பேச்சு நின்றுவிட்டது. ஆனால் காலை வேத வாசிப்பு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

மருமகள் நிரோஜினி ஞாயிறு பள்ளியில் படிப்பிப்பவள். வசனத்தை நிறுத்தி, யோசித்து வாசிக்க வேண்டும் என்பாள். மாமா ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவர் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக இப்படியா? நேற்று யாக்கோபின் பிள்ளைகளை எல்லாம் அவன் அண்ணன் ஏசாவுக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு முதல்நாள் யோனாவுக்குப் பதிலாக நோவாவை மீன் விழுங்கியது. வாய் பேசமுடியாத மனுசி இதையெல்லாம் கேட்டு என்ன பாடுபடுவாள் என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அப்பாவோடு யார் கதைக்கிறது என்று அவன் நழுவிவிட்டான்.

இன்று அவள் விடுவதாக இல்லை. ஒலி வேதாகமம் ஏற்றிய தன் போனைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். இனிமேல் இதுவே வாசிக்கட்டும், நல்ல குரல், மாமி நிம்மதியாகக் கேட்பா என்றாள்.

சந்தைத் தரகரைப் பார்ப்பதுபோல் கிழவர் அதைப் பார்த்தார்.

"உதை எடு பிள்ளை."

"உது ஒரு பிழையும் விடாது மாமா."

"அதுதான் எடு எண்டுறன்."

நிரோஜினிக்குப் பொறுக்கவில்லை. வீம்புக்காக வேதத்தையே கெடுக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

கிழவர் புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். அந்த மேய்ப்பன் சங்கீதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஓர் எழுத்தும் பிசகாமல் மனப்பாடமாகச் சொல்லி முடித்தார்.



"கலியாணம் முடிச்ச நாள் துவக்கம், நான் ஒரு எழுத்துப் பிழைவிட்டாலும் அடுப்படியிலை நிண்டு கத்தித் திருத்துறவள்" என்றார் கிழவர், மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டு. "இப்ப எத்தினை பிழை விட்டுப் பாக்கிறன். வாய் திறக்கிறாள் இல்லை, பிள்ளை."