ஸ்டெப்னி உருண்ட தூரம்

காருக்குப் பின்னாடி கொக்கி மாட்டி ஊர் ஊரா இழுத்துட்டுப் போற ஒரு கேரவன். அடியில நாலு டயரும் நாயா அலையும். பின்பக்கம் மாட்டியிருந்த ஸ்டெப்னி மட்டும் உறையப் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வரும்.

"ஓடுங்கடா, ஓடுங்க. எனக்குன்னு ஒரு நாள் வரும்"னு சொல்லும். ஒரு தடவை பஞ்சர் ஆனப்ப பக்கத்துலயே கடை இருந்துச்சு, ஸ்டெப்னிய எறக்க வேண்டி வரல. "நல்லவேளை, கீழ ஒரே சேறு"ன்னு பெருமூச்சு விட்டுச்சு.

பத்து வருஷத்துல நாலும் வழுக்கையாகி, வண்டி டயர் கடைக்கு வந்துச்சு. "மூணு வாங்குனா போதும், நாலாவதுக்குத்தான் நான் இருக்கேன்ல"ன்னு ஸ்டெப்னி நெஞ்ச நிமித்துச்சு.

கடைக்காரர் அருளப்பன் உறையக் கழட்டினாரு. ரோட்டப் புடிக்கிற பட்டன் கொஞ்சங்கூடத் தேயல. ஆனா பக்கவாட்டுல போட்டிருந்த தயாரிச்ச வருஷத்தப் படிச்சாரு, விரலால அமுக்கிப் பாத்தாரு. பொடிப்பொடியா வெடிப்பு.

"சார், இது ஓடாமலே கெழடாயிருச்சு. பாரம் ஏத்துனா வெடிச்சிரும். அஞ்சும் புதுசாப் போட்டுருங்க."

ஸ்டெப்னிய இறக்கி, ஒரு தட்டு தட்டி உருட்டி விட்டாரு. அது கடைக்குப் பின்னாடி இருந்த பழைய டயர் குவியல் வரைக்கும் கடகடன்னு போய்ச் சாஞ்சுது.

அங்க ஏற்கெனவே கெடந்த வழுக்கை டயர் ஒண்ணு கேட்டுச்சு: "என்ன மாப்ள, ஒரு மாதிரியா இருக்க?"

"இல்லண்ணே, இப்பத்தான் முதல் தடவையா உருண்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

ஸ்டெப்னி உருண்டு வந்த வழியத் திரும்பிப் பாத்துச்சு.

"நல்லாத்தாண்ணே இருந்துச்சு. இந்தக் குவியல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்."