மடக்குத் தொட்டில்

கடைக்காரப் பெண் மூன்றாவது தொட்டிலையும் விரித்துக் காட்டினாள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இப்போது மடக்கு என்றார்.

நாற்பது விநாடி. அப்பாவுக்குத் திருப்தி.

நான் உள்ளே நுழைந்ததிலிருந்து சுவரோரம் இருந்த மரத் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு கனத்த கால்கள், அடியில் இரண்டு இழுப்பறைகள். ஓரிடத்தில் வைத்தால் வைத்ததுதான், பிறகு அதை அசைக்க இரண்டு ஆள் வேண்டும். அப்பா வீட்டில் என் பழைய அறையில், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் அது கச்சிதமாக உட்காரும். போன மாதம் போயிருந்தபோது சாண் போட்டு அளந்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் அளப்பதை அப்பா வாசலில் நின்று பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. நீ வந்து போகும்போது பிள்ளை படுக்க ஒரு தொட்டில் வாங்கிவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு என் காதோரம் வீங்கியிருந்தது. அதையும் அவர் கேட்கவில்லை. பாவம், கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியை மாற்றுங்கள் என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா பார்சல் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதை எப்படிக் கட்டுவது, எப்படித் தூக்குவது, எப்படி அனுப்புவது என்றுதான் அவருக்குப் புத்தி போகும். கல்யாணமாகி நான் புது வீட்டுக்குப் போனபோது சாமான்களை அவர்தான் கட்டினார். ஒரு டம்ளர்கூட நசுங்காமல் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் யாராவது வந்தால் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அவர் ஆபீஸுக்குப் போய்விடுவேன். வண்டியிலிருந்து பெட்டி இறங்கும்போதே எந்த மூலை அடிபட்டிருக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவார். தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். அந்தப் பக்கம் பிடிக்காதே, இந்தப் பக்கம் பிடி என்று சுமை தூக்குபவரிடம் சொல்வார். பெட்டி அலுங்காமல் அடுத்த வண்டியில் ஏறிவிடும். எனக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும், அப்பாவை நினைத்து அவ்வளவு பெருமை.

இன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தேன்.

புதன்கிழமை நடந்ததை. அதற்கு முன்னால் நடந்தவற்றை. இனிமேல் கட்டிக்கொண்ட அந்த ஆளோடு ஒரு கூரையின் கீழ் என்னால் இருக்க முடியாது என்பதை.

அப்பாவுக்குத் தெரியாது, அதுதான் எனக்கிருந்த ஒரே தைரியம். தெரிந்தால் விடுவாரா? சைக்கிளிலிருந்து விழுந்து நான் முட்டியைச் சிராய்த்துக்கொண்டதற்கு, தெருவில் ஜல்லி கொட்டியவர் வீட்டு வாசலுக்கே போய்ச் சண்டை போட்ட மனுஷன்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பட்டன் மாட்டியிருந்தேன். கடைக்காரப் பெண் நகர்ந்ததும் வலது கைச் சட்டையை முழங்கை வரை ஏற்றிக் காட்டினால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம்.

அவளோ நகர்கிற வழியாக இல்லை. மரத் தொட்டில் என்றால் குழந்தைக்கு நாலு வயது வரை கவலையில்லை என்று எனக்குப் பரிந்து பேசிக்கொண்டிருந்தாள். அந்த நாலு வயதை அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதுவே இருக்கட்டும்பா, உங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

“மடக்குறதே போதும்மா. வரும்போது கொண்டு வா, போகும்போது எடுத்துட்டுப் போ.”

தொட்டிலைப் பற்றித்தான் பேசினோம். மரத்தில் பூச்சி வரும் என்றார் அவர். துணி சீக்கிரம் கிழிந்துவிடும் என்றேன் நான். அறையில் இடம் அடைக்கும் என்றார். அந்த அறையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றேன். அவர் தொட்டிலின் கம்பிப் பூட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

கடைசியில் நாலு பேர் வந்து போகிற வீடு என்று முணுமுணுத்தார். மரத் தொட்டிலுக்கும் அந்த நாலு பேருக்கும் என்ன சம்பந்தம் என்று பாவம், கடைக்காரப் பெண்ணுக்கு விளங்கவில்லை.

அவள் மடக்கிய தொட்டிலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். பில் போட முன்பக்கம் போனாள்.

இதுதான் நேரம். குழந்தை இடது இடுப்பில் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். வலது கை சும்மா இருந்தது. அப்பா என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பவில்லை. பையின் கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துச் சோதித்தார். படியேறி, பஸ்ஸிலிருந்து இறங்கி, நீ ஒருத்தியாகத்தானே கொண்டுபோக வேண்டும், தூக்கிப் பார் என்று பையை என் முன்னால் நகர்த்தினார்.

சரி, முதலில் தூக்கிக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று குனிந்தேன். வலது கையை நீட்டினேன்.

அப்பா சட்டென்று பக்கத்தில் வந்தார். என் இடுப்பிலிருந்து குழந்தையை மெதுவாக வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அந்தக் கை வேணாம்மா. இந்தக் கையால தூக்கு.”

சட்டைக்கையில் பட்டன் போட்டபடியேதான் இருந்தது.

நான் இடது கையால் தூக்கினேன். அப்பா பார்த்துப் பார்த்துத்தான் எடுத்திருந்தார், கனமே இல்லை.