ஒரு முழம்தானே!

ஆலயத்தில், பிரசங்க மேடைக்கு மேலே, சிலுவைக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு எசேக்கியேல் என்று பேர். போதகர் ஜெபத்தை முடித்ததுதான் தாமதம், சபை வாயைத் திறப்பதற்குள் "ச்ச்ச்" என்று ஆமென் சொல்லிவிடும். அதில் அதற்கு ஏகப் பெருமை.

ஆனால் மேடை விளக்குக்குப் பூச்சி அதிகம் வராது. ஜன்னல் விளக்குக்குக் கொஞ்சம் வரும். "ஒரு முழம்தானே! ஜெபம் இங்கேயும் நல்லாக் கேக்குது" என்று எசேக்கியேல் ஜன்னலுக்கு நகர்ந்தது. அடுத்த மாதம் வாசல் விளக்கு. "காதைத் தீட்டிக்கிட்டா கேக்குது." அப்புறம் மதில் விளக்கு.

மணிக்கூண்டில் கூடு கட்டியிருந்த தெபோராள் குருவி கத்தியது: "எசேக்கியேல் அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கேயும் போகல தாயி. ஒரு முழம்தான் தள்ளியிருக்கேன்."

மதிலுக்கு அடுத்த முழத்தில் பரோட்டாக் கடை. அங்கே டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் கல்யாணப் பந்தி மாதிரி மொய்த்தது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் சிந்தியதைப் பொறுக்க வந்த தெபோராள் ஆடிப்போய்விட்டது. "ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்!" என்று சப்ளையர் கூவ, உத்தரத்தில் தொங்கிய எசேக்கியேல் தலையைத் தாழ்த்தி, உருக்கமாக, "ச்ச்ச்" என்றது.

அந்த நேரம் பார்த்து ஆலய மணி அடித்தது.

"அண்ணே, மணி அடிக்குது, வாங்க!"

எசேக்கியேல் எரிச்சலோடு வாலைச் சுழற்றியது.

"சத்தம் போடாதே தாயி. ஜெபம் நடக்குற நேரத்துல எவன் அது மணி அடிக்கிறது?"